உசாங் வீட்டில் இன்னும் தட்டு வைக்கிறார்கள்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார், நம் 'ஆத்து வீடு' சேனல் ஏழுமலை அண்ணன், மலேசியாவில் போர்னியோ காட்டுக்குள் பதினோரு வருடம் படகு இன்ஜின் பழுது பார்த்தவர், போன செவ்வாய்க்கிழமை காலை கீழ்பென்னாத்தூரில் தன் அக்கா வீட்டில் கண்ணை மூடிவிட்டார்!

இந்தச் செய்தியை ஏற்கெனவே ஒருமுறை போட்டு, அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். எடிட்டிங் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, போனில் தட்டித் தட்டித் தெரிந்துகொண்டது. அண்ணனின் வீடியோ ஒன்றின் கீழே, "சத்தம் சரியில்லை, நான் சரிசெய்து தரட்டுமா?" என்று எழுதினேன். பன்னிரண்டு நாள் கழித்து, "குடுத்துப் பாரு" என்று பதில் வந்தது. அன்றைக்குப் படிக்கட்டில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினேன்.

பன்னிரண்டு நாள் ஏன் என்றால், அந்த ஊர் அப்படி. ஊர் என்பதே ஒரே ஒரு வீடுதான். ஆற்றங்கரையில் மரக்கால்கள் மேல் ரயில் பெட்டிபோல நீண்டு கிடக்கும். இருபத்திரண்டு வாசல், எல்லோருக்கும் பொதுவாக ஒரே நடை. கடலோரப் பட்டணத்திலிருந்து பெரிய படகில் ஒரு நாள், அப்புறம் நீளப் படகில் இரண்டு நாள். சிக்னல் கிடையாது. உதிரி பாகம் வாங்க அண்ணன் பட்டணத்துக்கு இறங்கும்போதுதான் வீடியோக்கள் ஆறேழாகச் சேர்ந்து வந்து விழும். மரக்கம்பெனி ஒன்று ஜெனரேட்டர் பார்க்க அவரைக் கூட்டிப் போனது. கம்பெனி மூட்டை கட்டியது, அண்ணன் கட்டவில்லை. அக்கா செல்வி போனில் திட்டியபோது அவர் சொன்ன பதில் இது: "இருபத்திரண்டு வாசலுக்கு ஒம்போது இன்ஜின் இருக்குதுக்கா. ஒம்போதும் இருமிக்கினு கெடக்குது. விட்டுட்டு எப்படி வர்றது?"

நான் முதலில் பார்த்த வீடியோ உங்களுக்கும் நினைவிருக்கும். ஆற்றில் தண்ணீர் போதவில்லை. எட்டுப் பேர் முழங்காலளவு நீரில் நின்று படகைப் பாறைகளுக்கு மேல் தூக்கித் தள்ளுகிறார்கள். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே கேமராவைப் பார்த்து, "படகுல போலாம்னு சொன்னானுங்க. பாத்தா படகுதான் நம்ம மேல போவுது" என்கிறார். பக்கத்தில் சிரிக்கிறாரே, பல் இல்லாத ஒருவர், அவர்தான் உசாங். அடுத்த வாசல்காரர். பதினோரு வருடமும் அண்ணனுக்கு அவர் வீட்டில்தான் சோறு.

சிறுநீரகம் கெட்டுப்போய், வைத்தியத்துக்காக ஒன்றரை வருடத்துக்கு முன் அண்ணன் ஊருக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்த ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போக என்னையும் செல்வி அக்காவையும் அழைத்தார். அந்த ஆற்று வீட்டில் யாராவது சாப்பாட்டை நீட்டினால், பசி இல்லாவிட்டாலும் விரலால் தொட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். தொடாமல் போனால் வழியில் பாம்போ முதலையோ கடிக்கும் என்பது அங்கே நம்பிக்கை. கிரிவலப் பாதையில் பௌர்ணமியன்று எத்தனை பேர் அன்னதானம் நீட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் ஒன்றைக்கூட விடவில்லை. பொங்கல், சுண்டல், தக்காளி சாதம், எல்லாத் தொன்னையிலும் ஒரு விரல். அடி அண்ணாமலை வருவதற்குள் செல்வி அக்கா பொறுமை இழந்துவிட்டார்.

"டேய், மலைய சுத்த வந்தியா, உப்பு பாக்க வந்தியா?"

"வேணாம்னு சொல்றதுல தப்பில்லக்கா. தொட்டுட்டு வேணாம்னு சொல்லணும். குடுக்கறவன் மூஞ்சி வாடக்கூடாது."

"இங்க ஏதுடா முதல?"

"ஆட்டோக்காரன் வர்றான் பாரு" என்று அவர் ஒதுங்கி நின்றார். நாங்கள் பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

இனி எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

அந்த ஆற்று ஊரில் சாவுச் செய்தி காற்றில் வரக்கூடாது. ஆள் வர வேண்டும். செத்தவர் உடுத்திய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏணிக்குக் கீழே நின்று, பேரை ஒரே ஒரு தடவை சொல்லி, அந்த வீட்டில் ஒரு கை சோறு தின்ன வேண்டும். அதுவரை போனவர் வழி தெரியாமல் அலைவாராம். அதுவரை வீட்டில் அவர் தட்டை எடுக்கமாட்டார்கள். மரம் வெட்டப் போன இடத்தில் ஒருவர் இறந்தபோது, படகுக்காரனுக்குத் தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. செத்தவரின் தம்பி துணியோடு வந்து சேர நாலு நாள் ஆனது. இதை அண்ணன் ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். "நம்ம பக்கமும் சாவு சொல்ல ஆளுதான் போவாங்க. இப்ப ஸ்டேட்டஸ் வெச்சிட்டு கடைக்குப் போயிடறோம்" என்றும் சொல்வார். அந்த வீடியோவுக்கு வரிக்கு வரி எழுத்துப் போட்டவள் நான்.

செவ்வாய்க்கிழமை செல்வி அக்கா போனில் அழுத அடுத்த ஐந்தாவது நிமிடம் நான் என்ன செய்தேன்? கறுப்புப் பின்னணியில் அண்ணன் படம், மெழுகுவர்த்தி, தேதி. போட்டுவிட்டேன். நீங்களெல்லாம் பகிர்ந்தீர்கள். பதில்களுக்கு நடுவே மலாயில் ஒரு வரி வந்தது. எழுதியவர் லாவாய், அண்ணனைப் பட்டணத்துக்கு ஏற்றி இறக்கிய படகுக்காரர். மொழிபெயர்த்துப் பார்த்தேன். "உண்மையா? ஆள் வருகிறாரா?"

அந்த இரண்டாவது கேள்வியைப் படித்ததும்தான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. பதிவை அழித்தேன். அவருக்குப் போன் செய்து, தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் வலித்தது. "நான் எதையும் பார்க்கவில்லை. மேலே போனாலும் சொல்லமாட்டேன். உசாங் தினமும் தட்டு வைக்கிறார். போன வாரம்கூட இன்ஜின்காரர் எப்போது வருவார் என்று கேட்டார். நீ ஆள் அனுப்பு" என்றார்.

மறுநாள் உடலை எடுத்த பிறகு செல்வி அக்காவிடம் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே போய், கொடியில் கிடந்த அண்ணனின் அரைக்கைச் சட்டையைக் கொண்டுவந்தார். துவைக்கவில்லை.

"எனக்குப் பதினாறாம் நாளு காரியம் பண்ணா முடிஞ்சிது. அங்க ஒருத்தன் சோத்தப் போட்டு வெச்சிக்கினு ஆத்தயே பாத்துக்கினு இருப்பானே. அவனுக்கு யாரும்மா சொல்றது? என்னால அவ்ளோ தூரம் ஆவாது. நீயாச்சும் யாரையாச்சும் புடி."

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பித்திருக்கிறேன். ஆனால் மழை இறுகிவிட்டால் மாதக்கணக்கில் மேலே படகு ஏறாது என்கிறார் லாவாய். இப்படி எழுதினால் மறுபடியும் தப்பாகிவிடுமா என்று அவரிடமே கேட்டேன். "தமிழில்தானே? எழுது. மேலே தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்" என்றார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது பத்தொன்பது நொடி. ஒரு வீடியோவிலிருந்து நான் வெட்டிப்போட்ட துண்டு. அதில் ஆற்றுத் தண்ணீர் மட்டும் ஓடுகிறது. உசாங் எங்கிருந்தோ கூப்பிடுகிறார், அண்ணன் அந்த மொழியிலேயே ஏதோ பதில் சொல்கிறார். என்னவென்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் மாட்டேன், பதிவேற்றவும் மாட்டேன்.

மலேசியாவில் வேலை செய்கிறவர்களே, அங்கே போக இருக்கிறவர்களே, அண்ணன் வீடியோ பார்த்துச் சிரித்தவர்களில் ஒரே ஒருவர் வேண்டும். சட்டையை நான் கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன். படகுத்துறையில் லாவாய் நிற்பார். டூர் கூட்டம் வந்துவிடும் என்று அண்ணன் கடைசிவரை வெளியே சொல்லாத ஊர்ப் பெயரைப் போகிறவருக்கு மட்டும் சொல்வேன். கேமரா எடுத்துப் போகாதீர்கள். உங்களால் முடியாவிட்டால், முடிகிறவர் கண்ணில் படும்வரை இதை அனுப்பிக்கொண்டே இருங்கள். போய் நின்று, அவர் பேரைச் சொல்லுங்கள். ஒரு தடவை போதும்.