பம்பையும் செப்புக்காசும்

உண்ணாமலை மூங்கில் குடலையில் இட்லி அவித்தால் அந்த வாசனைக்கு வாலாஜாபாத் ரயிலே நின்றுவிடும். சரி, ரயில் வேறு எதற்காகவோ நின்றிருக்கலாம். அவள் ஊர் மானாம்பதியில் நாய்கள் எழுந்து உட்கார்ந்தது மட்டும் நிஜம். அதிலும் பாதியை நம்பினால் போதும்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மாசி மாதம். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்கள் வருவதாக இருந்தது. சாயங்காலம் ஏரிக்கரை மாந்தோப்பில் அவர்களுக்கு நம்மூர்ச் சாப்பாடு, கும்மி, கரகம். ஏற்பாடெல்லாம் யூனியன் ஆபீஸ் பாண்டுரங்கன். உண்ணாமலைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சமையலை அக்காவிடம் ஒப்படைக்க வந்தவன், போகிறபோது ஒரு சேதியையும் வைத்துவிட்டுப் போனான்.

"கும்மிக்கு யார் வர்றாங்க தெரியுமா? கூரம் ராணியம்மா செட்டு. நம்ம சுலோச்சனாவப் பொண்ணு கேட்டுக்கினு கீறாங்களே, அந்தப் பையனோட அம்மா. ஆனா ஒண்ணுக்கா, சாமியாடுற வூடுன்னா அவங்களுக்கு ஆவவே ஆவாதாம்."

உண்ணாமலைக்குப் பம்பை மேளச் சத்தம் காதில் விழுந்தால் போதும், சாமி வந்துவிடும். போன ஆடியில் வந்தபோது என்ன பேசினாள் என்பது அவளுக்கே தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த பெரிய மனுஷர் ஒருவர் மறுநாள் விடிவதற்குள் தன் வரப்பைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்தார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். கரகம் என்றால் பம்பை இல்லாமல் நடக்காது. பம்பை என்றால் கன்னியப்பன். அவன் அடித்தால் ஏரித் தண்ணீரே ஆடும்.

பெண் சுலோச்சனாவின் கல்யாணம் தன் காலாலேயே கெட்டுவிடக் கூடாதே என்று அன்றைக்கு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு அடுப்பு மூட்டினாள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்ட மாவை ஊற்றி அண்டாவில் இறக்கினாள். அண்டாத் தண்ணீருக்குள், அடியில் ஒரு செப்புக்காசு. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறவரை அது கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கும்; பேச்சு நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, அடி பிடிக்கப்போகிறது என்று அர்த்தம். காசைக் காதால் கேட்டுத்தான் குடலை இட்லி அவிப்பது. காதை அடைத்த பிறகுதான் அவளுக்கு இது உறைத்தது.

"சொக்கு, காசுச் சத்தம் நின்னா என்னைத் தொடு" என்றாள் நாத்தனார் சொக்கம்மாளிடம்.

"தொடறேன் அண்ணி, நீ போ" என்று சொக்கம்மாள் தலையை ஆட்டினாள்.

பஸ் வந்தது. கூரத்துக்காரர்களும் வந்தார்கள். உண்ணாமலை சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி, "வாங்க அண்ணி" என்றாள். ராணியம்மாள் சிரித்தாள், பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். அதற்கும் வெறும் சிரிப்புத்தான். அவ்வளவுதான், சம்பந்தம் கைநழுவிவிட்டது என்று உண்ணாமலை சொம்போடு திரும்பினாள். கும்மி தொடங்கியதும் இன்னும் மோசம். கூரத்துப் பெண்கள் குனிந்து கொட்டி நிமிர்ந்த பிறகு தனியாக ஒரு கொட்டு கொட்டிக்கொண்டிருந்தாள் ராணியம்மாள். செட்டுக்கே தலைவி! என் முகத்தைப் பார்த்த வெறுப்பில்தான் இப்படி அடி தப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் உண்ணாமலை.

கன்னியப்பன் பம்பையை இடுப்பில் கட்டினான். உண்ணாமலை அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சொக்கம்மாளைக் காணோம். அவள் பஸ் ஓரமாக நின்று ஒரு வெள்ளைக்காரிக்குத் தன் கம்மலைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

காசு பேசுகிறதா, நின்றுவிட்டதா? பஞ்சை எடுத்தால் பம்பை. எடுக்காவிட்டால் இட்லி போச்சு. பந்தியில் இலை போட்டாகிவிட்டது. சம்பந்தி கண்முன்னால் கருகின இட்லியா, சாமியா? இரண்டில் எது குறைந்த அவமானம் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினாள்.

காசு மௌனம். பம்பை இடி மாதிரி இறங்கிற்று.

பக்கத்து அடுப்பிலிருந்த வெந்நீரைத் தூக்கி அண்டாவில் கொட்டினாளோ இல்லையோ, உடம்பு சிலிர்த்தது. கால் தரையில் பாவவில்லை. ஆவி பறக்கிற குடலை தானாகவே அவள் தலைக்கு ஏறிக்கொண்டது. பனைமர உயரத்துக்குக் குதித்தாள். கரகக்காரி ஒதுங்கி வழிவிட்டாள். வெள்ளைக்காரர்கள் இதுதான் கரகம் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு துணுக்கு சிந்தவில்லை.

இந்த இடம்வரை நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ராணியம்மாள், இப்போது சுலோச்சனாவின் மாமியார், கையை நீட்டி நிறுத்தினாள்.

"தலையில குடலையா? யாரு பாத்தது? வெந்நியக் காலு மேல கொட்டிக்கினா, அதான் குதிச்சா. சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. வாயப் பொளந்துக்கினு கத்துறா, எனக்கு ஒண்ணும் கேக்கல. நான்தான் ஓடிப்போய் மோரை எடுத்து ஊத்தினேன். இட்லியும் அடி பிடிச்சுதான் இருந்துச்சு, வெள்ளக்காரங்களுக்கு இன்னா தெரியும்? கும்மியில எனக்கு அடி தப்புச்சுன்னு எழுதிக்கீறியே, ஏன்னு எழுதினியா? என் காதுலயும் பஞ்சு! பம்பை கேட்டா எனக்கும்தான் சாமி வரும். சாமியாடுறவங்கன்னா பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு ஆவவே ஆவாதுன்னு அந்தப் பாண்டுரங்கன் என்கிட்டயும் சொல்லி வச்சிருந்தான்."