நெல்லிக்காய் அளவு விண்கல்லும் நானும்

விண்கல்லை வகைப்படுத்துவது என்றால், ஒரு கல்லிடம் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, அது பதில் சொல்லும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பது. பார்க்கிற வேலையை வீட்டாருக்கு விளக்க முடியாமல் விழிக்கும் சக உயிர்களே, கேளுங்கள்.

ஐஸ் பெட்டி

தென்துருவப் பனியில் எங்கள் குழு பொறுக்கிய கல் கப்பலில் வந்து சேர்ந்தது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்று உறைந்தபடியே அனுப்பியிருந்தார்கள். பெட்டியை வேனில் ஏற்றிய ராயபுரம் லோடுமேன் உள்ளே என்ன என்று கேட்டார். வானத்திலிருந்து விழுந்த கல், பெரிய நெல்லிக்காய் அளவு என்றேன். பெட்டியை மோந்து பார்த்தார்.

"இன்னா மேடம், மீனு இல்லாத ஐஸ் பொட்டிய இன்னிக்கித்தான் பாக்கறேன்!"

இரண்டே சீவல்

கல்லைச் சீவலாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும். இரண்டு சீவலுக்குத்தான் அனுமதி. மீதிக் கல்லைத் தொடக்கூடாது. முதல் சீவலை நான் மெஷினில் தேய்த்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. இரண்டாவதை மெஷின் பக்கமே கொண்டுபோகவில்லை.

எங்கள் டெக்னீஷியன் ஏழுமலை வியாசர்பாடிக்காரர். கண்ணாடித் தொழிற்சாலையில் பல வருஷம் பாலிஷ் போட்டவர். இரண்டாவது சீவலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கையாலேயே தேய்க்க உட்கார்ந்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நான் மூன்றாவது தடவை "ஜாக்கிரதை" என்றதும் நிமிர்ந்தார்.

"நீ வுடுற மூச்சுலயே கல்லு பறந்துடும் போல கீது. போய் டீ குட்சிட்டு வா மேடம்."

உள்ளே

திரும்பி வந்தபோது சீவல் முழுசாக நுண்ணோக்கியில் இருந்தது. பார்த்ததும் கத்தியே விட்டேன். நீலம், ஆரஞ்சு, ரோஜா நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள். பூமி உருவாகும் முன்பே உருகி உறைந்த துளிகள் அவை. ஏழுமலையும் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இம்மாங் கலரையும் உள்ள வச்சிகினு, வெளிய கருவாடு மாரி கீதே!"

சாதாரணம்

அபூர்வ வகையாக இருக்கும் என்று எனக்கு ஆசை. கல்லில் உள்ள இரும்பின் அளவை வைத்து வகை சொல்லும் சக ஊழியர் மலர்விழி, அடிக்கடி கிடைக்கிற வகைதான் என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்தின் பெயரே 'சாதாரண' கல். மனசு கேட்காமல் மூன்று முறை அளக்கச் சொன்னேன். நாலாவது முறைக்கு அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"கல்லு ஒரே பதிலைத்தான் சொல்லுது. நீங்கதான் வேற பதில் கேட்டுக் கெஞ்சறீங்க."

ரயிலில்

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் திருவொற்றியூருக்குப் போனேன். எதிரே காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா என்ன விஷயம் என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். பூமியைவிட வயசான கல், ஆனால் சாதாரணம்தான், எங்கள் துறை வழக்கப்படி ஒரு நம்பர் கொடுத்திருக்கிறோம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்க, அவர் கேட்ட கேள்வியில் நான் சிரித்த சிரிப்பு வீடு வரை அடங்கவில்லை.

"அம்மாந்தூரத்துலேந்து வந்துகீது, அதப் போயி சாதாரணம்ன்றியா? ரேசன் கார்டு மாரி நம்பர் குத்துகினு, ஒரு நல்ல பேரு வெக்கத் தெரியாதா உங்களுக்கு?"

நானூற்றைம்பது கோடி வருஷக் கதையை நாலே வரியில் எழுதி, விண்கல் பட்டியல் போடுகிறவர்களுக்கு அனுப்பினேன். அதிலும் ஒரு வரி அதிகம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.