கரித்துண்டும் அமெரிக்கக் கோழியும்

எங்கள் ஊரில் கறி கொண்டுபோகிறவர்கள் அதனோடு ஒரு கரித்துண்டை வைக்காமல் தெருவில் இறங்கமாட்டார்கள். வாசனை பிடித்துக்கொண்டு பேய் பின்னாலேயே வந்துவிடுமாம். அதிலும் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பேய்களுக்கு உச்சிவேளையில்தான் பசி அதிகம் என்பார்கள். என் மாமாவோ சரியாக அந்த உச்சிவேளையில், கரியும் இல்லாமல் வேப்பிலையும் இல்லாமல், ஒரு வாளி பொரித்த கோழியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார்.

மாமா என்றால் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. சிங்கப்பூரில் வேலை. திருச்சியில் விமானம் இறங்கியதும் ஏதோ அமெரிக்கக்காரன் கடையில் எங்களுக்காக வாங்கினாராம். வாளி காகிதத்தில் செய்தது. தண்ணீர் இறைக்க உதவாத வாளியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"புளியமரத்து வழியாவா வந்த? ஒரு கரித்துண்டு வச்சுக் கொண்டாரக்கூடவா தெரியாது?" என்றாள் அம்மா.

"அக்கா, இது அமெரிக்காக் கோழி. நம்ம ஊருப் பேய்க்கு இந்த வாசனையெல்லாம் புடிபடாது."

அம்மா சமாதானமாகவில்லை. அடுப்பிலிருந்து ஆறிப்போன கரி ஒன்றை எடுத்து வாளிக்குள்ளேயே போட்டாள்.

பேயைவிட அந்தக் கோழியிடம்தான் அவளுக்குப் பயம் அதிகம். அதற்கு இறகே முளைக்காது, நாலு கால் இருக்கும், ஊசி போட்டே வளர்க்கிறார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். அதைத் தின்கிற பெண்பிள்ளைகள் காலத்துக்கு முன்பே பெரியமனுஷியாகிவிடுவார்கள் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அவள் அடுப்படியில் இப்படிச் சட்டங்கள் ஏராளம். மீன் தின்ற வாயால் மோர் குடித்தால் தோலில் வெள்ளை விழும். ராத்திரியில் கீரையைத் தொடக்கூடாது. காரணம் கேட்கக்கூடாது என்பதும் ஒரு சட்டம்.

ஆக, என் தம்பி தட்டில் இரண்டு துண்டு விழுந்தது. என் தட்டில் ரசம்.

"பொட்டப்புள்ளைக்கு ஆகாது" என்றாள். மாமா எனக்காகப் பேச வாயெடுத்தார். "ஏப்பா, சீர் செய்ய ஒனக்கு அம்புட்டு அவசரமா?" என்று அம்மா கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு எலும்பைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். பெண் வயசுக்கு வந்தால் முதல் செலவு தாய்மாமனுக்குத்தானே.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பெரியப்பா மகளுக்குச் சடங்கு சுற்றியபின் பள்ளிக்கூடப் பை பரணுக்குப் போய்விட்டது. "நம்ம வீட்டுல அதுதான் வழக்கம்" என்று அப்பா என்னைப் பார்த்தே சொல்லியிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். ஆனாலும் வாசனை என்று ஒன்று இருக்கிறதே!

அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிப்போனார்கள். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கி, அடுப்படித் தரையில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. நான் நடந்து போனேனா மிதந்து போனேனா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. பார்க்காமல் செய்தால் பாதிக் குற்றம்தான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வாளிக்குள் கையைவிட்டேன். அகப்பட்டதைக் கடித்தேன். நறநறவென்று இருந்தது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அமெரிக்காவில் இதைத்தான் ஆசைப்பட்டுத் தின்கிறார்கள் போலும் என்று மரியாதையோடு மென்று விழுங்கினேன்.

கண்ணைத் திறந்தால் கையில் பாதிக் கரித்துண்டு. ஏமாந்த ஆத்திரத்தில் ஒரு தொடையை எடுத்து எலும்புவரை தின்றேன்.

தின்றபிறகுதான் பயம் பிடித்தது. தம்பி பக்கத்தில் போய்ப் படுத்தேன். மின்விசிறி வழக்கத்தைவிடத் தாழ்வாகச் சுற்றியது. கால் கொலுசு இறுகியது. பாயைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நான் நீண்டு வளர்ந்துகொண்டே போனேன். தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அது என்னை ஏற்றாமல் போகிற பள்ளிக்கூட பஸ் என்று நினைத்து ஓவென்று அழுதேன்.

சத்தம் கேட்டு எழுந்த அம்மாவுக்கு எதையும் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. என் பல்லெல்லாம் கரி. அடி விழும் என்று முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய், உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். எனக்கு வாந்தி வரவில்லை. அவளுக்குத்தான் அழுகை வந்தது. ஒரு கோழித்தொடைக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

"ஒங்க அப்பாட்ட மூச்சு விட்ராத" என்றாள்.

ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சைக்கு முன்பே அது நடந்துவிட்டது. "கோழிதாம்மா" என்று தேம்பினேன். அம்மா கதவைச் சாத்தினாள். குலவை இல்லை, சடங்கு இல்லை, மாமாவுக்குப் போன்கூட இல்லை. மாதாமாதம் என் துணியைத் தன் துணியோடு சேர்த்துத் துவைத்துக்கொண்டாள். கீரைக்கும் மோருக்கும் சட்டம் வைத்திருந்தவள், அந்த நாட்களில் என்னை ஒதுக்கிவைக்காமல் அடுப்படியிலேயே உட்காரவைத்துச் சோறு போட்டாள். "யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத. பஸ் வந்துரும், ஓடு" என்பாள். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைவரை இப்படியே ஓடியது. அதற்குள் என் மார்க்கைப் பார்த்து அப்பாவே மனம் மாறியிருந்தார்.

நான் கோழி திருடித் தின்ற அவமானத்தைத்தான் அம்மா அத்தனை நாளும் ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் என்பது எனக்குத் தெரியும். ஏன் பாதியில் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.