அம்மாவின் வண்டிக்கும் ஒரு மோட்டார்

தஞ்சோங் காராங் வயலில் மருந்தடித்துவிட்டு ட்ரோன் வரப்பில் இறங்கியபோதுதான் எனக்கு அது உறைத்தது. கண்மூடித் திறப்பதற்குள் ஒரு வயலை முடித்திருந்தது; அடுத்ததற்குப் பேட்டரி இல்லை. “பொறுலா, சார்ஜ் ஏறட்டும்,” என்று நண்பன் குமார் ஜெனரேட்டரை முடுக்கினான். பெட்ரோல் வாசம் என்னை நான் வளர்ந்த கோலசிலாங்கூர்த் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டது.

எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டும் அப்பாவுக்கு மோட்டார் கத்தி கொடுத்த வாரம் அது. இதே வாசத்தோடுதான் வீட்டுக்கு வருவார். அவர் மளமளவென்று வெட்டித் தள்ள, அம்மா குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சேற்றில் தள்ளிக்கொண்டு லோரி நிற்கும் பாதைக்குப் போவார். லோரி கிளம்பும்போது பாதிக் குலைகள் மரத்தடியிலேயே கிடக்கும்.

“என்னய்யா, மிசின் வந்தும் அதே எடைதானா? ஸ்டோர்ல திருப்பிக் குடுத்துடு,” என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

அம்மா வண்டியைத் தொப்பென்று வைத்தார். “மிசின் அவரு கைக்குத்தானே வந்திச்சு மண்டோரே, என் வண்டிக்கா வந்திச்சு? இதுக்கும் ஒன்னு மாட்டுங்க, அப்புறம் எடை பாருங்க!”

மண்டோர் சிரித்தார். ஆனாலும் மேலே போய்ச் சொல்லியிருக்கிறார். மோட்டார் வைத்த வண்டி வந்தது, லோரி நிரம்பியது, அப்பாவின் கத்தியும் தப்பியது. அன்று மாலை அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் தேநீர் குடித்தார்.

கல்லூரியில் உற்பத்தித்திறன் என்று பக்கம் பக்கமாகப் படித்தேனே, அது இவ்வளவுதான்: கருவி வேகமானால், அதன் பின்னால் வரும் வேலையும் வேகமாக வேண்டும்.

“குமார், நாளைக்கு ஜெனரேட்டர் வேணாம்டா,” என்றேன். என் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டி, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளை வரப்புக்கு வரப்பு கொண்டுவந்து பார்க்கப் போகிறேன்.