மார்கரெட்டின் கடையை வாங்கிய தவம் அண்ணை

"ஒரு மனிசன் எப்ப ஊராளாகிறான், மாஸ்டர்?" என்று தவம் அண்ணை ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் பழைய ஆசிரியன். உதாரணம் இல்லாமல் பதில் சொல்லத் தெரியாது. "வகுப்புக்குப் புதுசா வந்த பிள்ளைக்கு மற்றப் பிள்ளையள் பட்டம் வைக்கிற அண்டைக்கு" என்றேன். போன மாதம் அவருடைய மகள் தொலைபேசியில், "அப்பா போயிட்டார், அங்கிள்" என்று சொன்னபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

லண்டன் செவன் கிங்ஸில் அவரோடு பழகிய பலருக்கும் அவருடைய கிராமத்தைத் தெரியாது. இரண்டாயிரமாம் ஆண்டளவில் ஜெர்மனியிலிருந்து வந்தவர், எசெக்ஸ் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்த ஒரேயொரு கடையை வாங்கினார். பலகையில் தன் பெயரை எழுதுவித்தார். ஊராரோ "மார்கரெட்டின் கடை" என்றே சொன்னார்கள். மார்கரெட் கடையை விற்று, பிறகு இறந்தும் போயிருந்தார். "செத்த மனிசியோட போட்டி போட ஏலாது, மாஸ்டர்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

கடைக்கு எதிரே ஊர் மண்டபம். முதலாம் உலகப் போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் நினைவாக ஊராரே கட்டியது. உள்ளே சுவரில் அவர்களுடைய பெயர்கள். ஒருநாள் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். "இந்தப் பேருகளின்ர குடும்பங்கள்தான் இண்டைக்கும் என்னட்டைப் பாணும் பாலும் வாங்கினம். பிறகென்னெண்டு என்ர பேர் அவையின்ர வாயில வரும்?"

அதே மண்டபத்தில் ஒவ்வொரு கோடையிலும் காய்கறிப் போட்டி நடக்கும். நானும் பார்க்கப் போவேன். ஒரு வருடம், கடைக்குப் பின்னால் கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்த புடலங்காயை 'மிக நீளமான காய்' பிரிவுக்குக் கொண்டுபோனார். நேராக வளர நுனியில் கட்டியிருந்த கல்லை அவிழ்க்க மறந்துவிட்டார். வருடாவருடம் அவரைக்காயால் அந்தப் பரிசை வாங்கும் ஹரல்ட் கிழவர் குதித்தார். "கல்லைக் கட்டி இழுத்திருக்கிறார்! இது மோசடி!"

தவம் அண்ணை என் காதில், "கிழவன் தன்ர அவரைக்காய்க்குப் பயப்பிடுறான்" என்றார். வாதாடவில்லை. காயைத் திரும்பக் கொண்டுபோய், பால்கறி வைத்து, மாலைத் தேநீர் மேசைக்குக் கொண்டுவந்தார். முதலில் தட்டை நீட்டியவர் ஹரல்ட்.

அடுத்த கோடையில் ஹரல்ட் யாருக்கும் சொல்லாமல் தன் அவரைக்காய்களுக்கும் கல் கட்டினார். அரைவாசி ஒடிந்து விழுந்தன. கடைக்கு வந்து சத்தம் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். போட்டியன்று மண்டபத்தின் நடுவில் எழுந்து நின்று, "கல் கட்ட நல்ல நூல் வேண்டுமென்றால் தவத்தின் கடைக்குப் போங்கள். அவரைக்கு மட்டும் கல் கட்டாதீர்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தவம் அண்ணை என் கையைப் பிடித்து அழுத்தினார். "கேட்டியளே மாஸ்டர்? தவத்தின்ர கடையெண்டவன்."

உடல் முடியாமல் போனபோது, கடையை லண்டன் நோர்பரியில் இருந்த ஒரு தமிழ்த் தம்பிக்கு விற்றார். இறுதிச் சடங்கில் அந்தத் தம்பி என்னிடம் குறைப்பட்டார். "பலகையில என்ர பேர்தான் இருக்கு, அங்கிள். சனம் இன்னும் தவத்தின்ர கடையெண்டுதான் சொல்லுது." அருகில் நின்ற ஹரல்டுக்குத் தமிழ் விளங்கவில்லை, தவம் என்ற பெயர் விளங்கியது. தலையை ஆட்டினார்.

தவம் அண்ணை தந்த புடலை விதைகள் என்னிடம் இருக்கின்றன. அண்ணையின் கேள்விக்கு உதாரணமாக அந்தத் தம்பியின் குறையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் நாளைக்குப் பால் வாங்கப் போகும்போது, கடைக்காரரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.