இராமேசுவரத்துப் படகுச் சவாரி

தனுஷ்கோடி வரைக்கும் ரயில் போய்க்கொண்டிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. எங்கள் ஊர் மல்லசமுத்திரம். பெயரில்தான் சமுத்திரம். எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவர்தான் எங்களை இராமேசுவரத்துக்கு அழைத்துப் போனார்.

பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பாம்பன் பாலம், கோயில் பிரகாரம், தீர்த்தக் கிணறுகள், மிதக்கும் கல், ராமர் பாதம், படகுச் சவாரி. ஒன்றைப் பார்த்து முடித்ததும் பென்சிலால் கோடு போடுவார். பிறகு அங்கே யாரும் நிற்கக்கூடாது. மிதக்கும் கல்லை இன்னொரு தடவை அமுக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். "அதான் பாத்தாச்சல்ல சாமி, நட" என்றார். அம்மா எதையாவது பார்த்தாளா என்பதே சந்தேகம். இடுப்பில் தம்பியும் கையில் துணி மூட்டையுமாக எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

கடைசியாகப் படகுச் சவாரி. பெரியப்பா, அப்பா, அம்மா, நான், தம்பி ஐந்து பேரும் ஏறினோம். கடல் குளம்போல் அசையாமல் கிடந்தது. அடியில் ஓடும் மீன்களைப் பெரியப்பா சுட்டிக்காட்ட, தம்பி எட்டிப் பார்த்தான். மறுகணம் அவன் இருந்த இடம் காலியாக இருந்தது.

அப்பா "ஐயோ!" என்று எழுந்தார். படகு ஒருபக்கம் சாய்ந்தது. பெரியப்பா பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா குதித்துவிட்டாள். தலை முங்கிக் காணாமல் போனாள். நான் கத்தினேன். சற்றுத் தள்ளி முதலில் தம்பியின் தலையும், பிறகு அவனைத் தாங்கிய அம்மாவின் முகமும் மேலே வந்தன. உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுத் தம்பி அலறியபோது அப்பாவும் அழுதார்.

ஒற்றைக் கையால் தண்ணீரைத் தள்ளிவந்து தம்பியை அப்பாவிடம் கொடுத்தாள். அவனை மடியில் இருத்திக்கொண்டு அப்பா கேட்டார்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"மோகனூர்ல ஆத்தோரம் பொறந்தவளுங்க நானு. நீங்கதான் ஒருநாளும் கேக்கலீங்களே."

கல்யாணமாகிப் பத்து வருடம். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. கிணற்றில் குதித்து நீந்துவது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

படகுக்காரர் கை நீட்டினார். அம்மா அதைப் பிடிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீங்க முன்னால போங்க. நா நீஞ்சியே வாரேன்" என்றாள். அப்பா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, படகுக்காரரிடம் "மெதுவா ஓட்டுங்க" என்றார்.

கரையில் நீராடிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் நின்று பார்த்தது. அம்மா அவசரப்படவேயில்லை. நடுவில் மல்லாந்து மிதந்து வானத்தைப் பார்த்தாள். மறுபடி புரண்டு நீந்தினாள். நாங்கள் கரை சேர்ந்து வெகுநேரம் கழித்து, சேலை சொட்டச் சொட்ட, சிரித்துக்கொண்டே கரையேறினாள். பெரியப்பா தாளை வெளியே எடுக்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் தெருப்பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், எங்கள் அம்மாவுக்குப் படகில் ஏற ரொம்பப் பயம், அதனால்தான் அவ்வளவு தூரமும் நீந்தியே வந்தாள் என்றும் சொன்னேன்.