மூளி வில்லை

"...புள்ள பொய் சொல்லுமா? 'எங்க வூடு இந்தியாவுல இல்ல'ன்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கான். இத்தன நாளு ஒரே கொழாயில தண்ணி புடிச்சோமே, எப்பேர்ப்பட்ட ஆளுன்னு யாருக்காவது தெரிஞ்சுதா?" என்று வூட்டுக்காரப் பெரியப்பா எங்கள் வாசலில் நின்று கேட்ட அந்தக் காலையில், அம்மா வடித்துக்கொண்டிருந்த சோற்றின் ஆவி என் முகத்தில் வெதுவெதுப்பாக அடித்தது. அவர் சொன்ன அந்தப் புள்ள நான்தான். அப்போது மூன்றாம் வகுப்பு.

பெரியப்பா எங்களுக்கு உறவு இல்லை, வீட்டுச் சொந்தக்காரர். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்பக்கம் வரிசையாக ஐந்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முதல் அறையில் அம்மாவும் நானும். கடைசி அறையில் பஷீர் அண்ணன். மழை ஓய்ந்ததும் காஷ்மீரிலிருந்து இரண்டு மூட்டை சால்வையோடு வந்து இறங்குவார், சைக்கிளில் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போய் விற்பார், மாசி பிறந்ததும் ஊருக்குப் போய்விடுவார். தமிழை எங்கள் தெருவிலேயே கற்றுக்கொண்டதால் 'வீடு' என்ற சொல் அவருக்குத் தெரியாது, எங்களைப் போல 'வூடு'தான். ஒவ்வொரு வருஷமும் முதல் சால்வையை வாங்குவது பெரியப்பா. "சூடுன்னா இதான்யா சூடு" என்று மார்கழிக் காலையில் அதைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போய், கேட்காதவர்களுக்கும் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார்.

அந்த வருஷம் காஷ்மீர் எல்லையில் சண்டை. பெரியப்பாவின் இளைய மகன் பட்டாளத்தில் இருந்தார், அந்தப் பக்கம்தான் எங்கேயோ. பத்து நாளாகப் போன் வரவில்லை. "தம்பி பேசிச்சா?" என்று யாராவது விசாரித்தால், பெரியப்பா கடைசி அறையின் கதவைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமையானால் பஷீர் அண்ணன் மங்கலம்பேட்டைக்குப் போவது மூன்று வருஷமாக எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அங்கே தொழுகை முடிந்ததும், துபாய்க்குப் போனவர்களின் வீடுகளில் நல்ல வியாபாரம் நடக்கும். "அதென்ன, வெள்ளிக்கெழமன்னா டாண்ணு கெளம்பிடுறான்?" என்று குழாயடியில் கேட்க ஆரம்பித்தது அந்தத் தை மாதத்தில்தான்.

அம்மாவுக்குப் பீங்கான் கம்பெனியில் 'தொடைக்கிற' வேலை. அச்சிலிருந்து பிரித்தெடுத்த இன்னும் சுடாத பச்சைச் சாமான்களை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து விளிம்பை வழவழப்பாக்க வேண்டும். வழக்கமாக ஃப்யூஸ் கட்டைகளும் பொம்மைகளும்தான் வரும். அந்த மாதம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து குடியரசு தினப் பரிசுக்கு என்று இந்தியா வடிவத்திலேயே வெட்டிய பீங்கான் வில்லைகள் கேட்டிருந்தார்கள். சூளையிலிருந்து வந்ததில் பாதி 'மூளி'. விளிம்பு போனது, மூக்கு உடைந்தது எல்லாமே எங்கள் பேச்சில் மூளிதான். மூளிகளை வேலை செய்கிறவர்கள் எடுத்துப் போகலாம் என்பதால் எங்கள் வீட்டில் தும்பிக்கை இல்லாத யானையும் காது இல்லாத கப்புகளும் நிறைய உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒரு மூளி இந்தியாவும் வந்து சேர்ந்தது. காஷ்மீர் இருக்கவேண்டிய தலை கழுத்தோடு விரிசல் விட்டுப் போயிருந்தது.

நான் அதைக் குழாயடிக்கு எடுத்துப் போய், "அண்ணே, உங்க வூடு இதுல எங்க இருக்குது?" என்று கேட்டேன். பஷீர் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரித்தார், பிறகு உடைந்த விளிம்புக்கு மேலே காற்றில் விரலை வைத்தார். "இங்கே பஸ் ஸ்டாண்டு, பாப்பா. எறங்கி நடந்தா, இங்கே எங்க வூடு."

ஒருவருக்குக் காற்றில் வீடு இருப்பது எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், "பஷீர் அண்ணன் வூடு இந்தியாவுலயே இல்ல, வெளியில இருக்குது!" என்று பெருமையடித்தேன். அது நாலு வீடும் டீக்கடையும் சுற்றிவிட்டு, பஷீர் அண்ணன் வாயால் சொன்னதாக மாறி, பெரியப்பாவின் காதுக்கு வந்திருந்தது.

அன்று காலை அம்மா கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டு, வில்லையை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"மாமா, இது சூளச் சூட்டுல விரிசல் உட்டது. காயறப்பவும் மண்ணு சுருங்கும், வேகறப்பவும் சுருங்கும். எங்க ஒடுக்கமா இருக்குதோ அங்கதான் உடும்."

"மண்ணுக்கு எப்படித் தெரியும் செல்வி, கரெக்டா அந்த எடத்துல ஒடையணும்னு?"

"அப்ப கெழக்கால கையும்தான் போயிருக்குது. அதை எவன் சொல்லி ஒடச்சான்?"

"எந்தக் கை?"

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். வடகிழக்கு மொத்தமும் இல்லை. நான் காட்டிக்கொண்டு திரிந்ததில் தெருவில் அத்தனை பேர் அந்த வில்லையைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தார்கள், ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. "அது... அது பரவால்ல," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ சொல்லு. அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். 'அவன்' மறுபடி 'அவரு' ஆகியிருந்தது.

நான் வில்லையைக் கையில் வாங்கினேன். உடைந்த விளிம்புக்கு மேலே விரலை வைத்து, "இங்க வச்சு, வூடுன்னாரு," என்றேன். பெரியப்பா தன் விரலையும் கொண்டுவந்து, என் விரலுக்குக் கொஞ்சம் தள்ளி, அதே காற்றில் வைத்தார்.

"எம்புள்ள இங்கதான் எங்கியோ இருக்கான்," என்றார்.

அந்த வில்லை வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. வரிசை வீடுகளை இடித்துவிட்டு அங்கே மாடி கட்டியிருக்கிறார்கள். சால்வைக்காரர்கள் இப்போதும் தை மாதம் வருகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் கண்ணைப் பார்க்காமல் 'டெல்லி' என்கிறார்கள். எனக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வருவதில்லை. யார் எதைச் சொன்னார்கள் என்று செல்போனில் வந்து விழுகிற ஒவ்வொன்றையும் சந்தேகப்படுகிற எனக்கு, என் ஞாபகத்தின் மேலும் சந்தேகம் உண்டு. பஷீர் அண்ணன் சிரித்தார் என்று எழுதினேன். சிரித்தாரா, அல்லது நான் பின்னால் சேர்த்துக்கொண்டதா?

விரலை எடுத்த பெரியப்பா அடுத்துச் செய்ததில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள்ளே போய்த் தன் வாசல் பூட்டை எடுத்துவந்தார். விடியும்போதே ஸ்ரீமுஷ்ணத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போயிருந்த பஷீர் அண்ணனின் கதவில், அவருடைய சின்னப் பூட்டுக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டி, "எவனாவது ஒடைக்க வந்தா எம்பூட்டயும் சேத்துத்தான் ஒடைக்கணும்," என்றார். தோளிலிருந்து நழுவிய சால்வையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.